சுனையடியில் புதுமை ஏதும் நடக்கவில்லை

பதினெட்டு வயது வரைக்கும் அந்த மலையில் நான் என் காலால் ஏறியதில்லை. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனேன். வயதுக்கு வந்த பிறகு தோளில் தூக்கினால் நன்றாயிராது என்று அம்மா சொன்னதால், அவர் முதுகில் தொற்றிக்கொண்டு, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு போனேன்.

மலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பட்டணத்துக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டினால் வரும் ஒரு பாறைக் குன்று. மேலே சிலுவை வைத்த ஒரு கோயில், கோயிலை ஒட்டி, சுரூபம் நிற்கும் குகை மாதிரி ஒரு கெபி, கெபிக்குப் பக்கத்தில் பாறை வெடித்த இடத்தில் ஒரு சுனை. சித்திரை வெயிலிலும் அது வற்றியதை யாரும் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீர் பட்டால் தீராத நோய் தீரும் என்று எங்களைப் போன்ற வேதக்காரர்களும் நம்பினார்கள், மற்றவர்களும் நம்பினார்கள். ஈஸ்டர் பாஸ்கா முடிந்து சில வாரங்களில் அங்கே திருவிழா. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து பாதிப்பேர் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப் போயிற்று. இளம்பிள்ளை வாதம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா துறைமுகத்தில் சரக்குப் படகில் துடுப்புப் போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் ஒரு நேர்ச்சை வைத்தாராம்: இந்தப் பெண் தானாக நடக்கிற வரைக்கும் வருஷா வருஷம் இவளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன். பதின்மூன்று வருஷம் ஏறினார்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு நேர்ச்சை. மலையடிவாரத்தில் கூடை வைத்து மெழுகில் செய்த கை, கால், கண், குழந்தை எல்லாம் விற்பார்கள். எந்த உறுப்பில் நோவோ அதை வாங்கிக் காணிக்கை வைக்க வேண்டும். அம்மா வருஷத்துக்கு ஒரு மெழுகுக் கால் வாங்குவாள். மேலே போய்ச் சேர்வதற்குள் வெயிலில் அது இளகிக் கோணிவிடும். நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே படியேறுவாள். எல்லாம் கொழுகொழுவென்ற நல்ல கால்கள். என் கால் மாதிரி ஒரு கால் அந்தக் கூடையில் ஒருநாளும் இருந்ததில்லை.

சுனையடியில் என்னை இறக்கி உட்கார வைப்பார்கள். அம்மா பாவாடையை முழங்கால் வரை தூக்கிவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றுவாள். சுற்றி நிற்கிற பெண்கள் எல்லோரும் என் காலைப் பார்ப்பார்கள். சிலர் தொட்டும் பார்ப்பார்கள். பத்து வயதில் அது எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினாறு வயதில் கோபமாக இருந்தது.

அந்தப் பதினாறாம் வயதில் போனதுதான் முதுகில் போன கடைசித் தடவை. பாதிப் படியில் அப்பா நின்றுவிட்டார். அவர் முதுகில் என் நெஞ்சு ஒட்டியிருந்ததால், அவருக்கு எப்படி மூச்சு வாங்கியது என்பது எனக்குத்தான் தெரியும். பின்னால் வந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "அந்த ஆளு செத்துப்பூட்டா இந்தப் பொண்ண யாரு தூக்குவாங்க?" மெதுவாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அப்பா என்னை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள், எங்கள் வாசலில் சாத்தியிருந்த உடைந்த துடுப்பைக் காட்டி அப்பாவிடம் கேட்டேன்.

"நைனா, இத்த எனக்கு அறுத்துக் குடு. கக்கத்துல வச்சி ஊணிக்கிற மாதிரி."

அவர் துடுப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒசரம் பாக்கணும். நில்லு," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அளந்து அறுத்து, மேலே குறுக்குக் கட்டை வைத்து, கயிறு சுற்றி, கயிற்றின் மேல் பழைய வேட்டியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கோலை எடுத்தால், கால் சரியாகாது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாள். அதனால் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே, விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்விடுவேன். தெருவைத் தாண்டினால் மணல். இழுத்துப் போட்டிருக்கும் படகுகளுக்கு நடுவே, ஒரு படகின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த படகு வரை போவேன். நடுவில் விழுவேன். மணலில் கோல் புதையும், முட்டி மடங்கும். முகம் குப்புற விழுந்து வாயெல்லாம் மணலாக எத்தனையோ நாள் கிடந்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். மணலில் நடக்கப் பழகிய பிறகு தெருவில் நடப்பது ஒரு வேலையாகவே இல்லை.

இரண்டு வருஷம் ஆயிற்று. நடுவில் வந்த திருவிழாவுக்கு, முதுகில் ஏறமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால் நாங்கள் போகவில்லை. அதற்குள் எனக்கு ஒரு வேலையும் கிடைத்திருந்தது. கப்பல்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றைத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் நடத்தினார். கப்பலில் ஏற்றுகிற கொடிகளைத் தைத்துத் தர அவருக்கு ஆள் தேவைப்பட்டது. காலால் மிதிக்கிற மிஷின் எனக்கு ஆகாது. கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று கடைப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்துக் கொடுத்தார். நீலம், மஞ்சள், சிவப்பு என்று துணிகளை ஒட்டுப்போட்டு நான் தைத்த கொடிகள் எந்தெந்தக் கடலுக்கோ போயின. காலையில் நடந்து போவேன், சாயந்திரம் நடந்து வருவேன். தெருவே பார்த்தது.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முந்தின நாள் சொன்னேன்: "இந்தவாட்டி நான் நடந்தே ஏர்றேன்."

அம்மா புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்: "நேர்ச்சைன்னா நேர்ச்சைதான். கால் நல்லாவுற வரிக்கும் ஒங்க நைனா தூக்கணும்."

"தானா நடக்கற வரிக்கும்னுதான் நான் வேண்டிக்கினேன்," என்றார் அப்பா. "அவ தானா நடக்கறா. என் நேர்ச்சை முடிஞ்சிப்போச்சி."

"கட்டய வச்சிக்கினு நடந்தா அது நடக்கறதா?"

"பின்ன இன்னா, பறக்கறதா?" என்றேன். அம்மா அன்று இரவு என்னோடு பேசவில்லை.

ட்ராமில் கடற்கரை ஸ்டேஷன் வரை போய், எலக்ட்ரிக் ரயில் பிடித்து, இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தோம். அம்மா வழக்கம்போல மெழுகுக் கால் வாங்கிக்கொண்டாள். படியில் காலை வைத்ததும் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒரு பெரியவர் அப்பாவைத் திட்டவே திட்டினார், "ஏன்யா, நொண்டிப் பிள்ளைய நடக்கவிட்டுட்டு நீ கைய வீசிக்கினு வர்றியே." அப்பா எனக்கு ஒரு படி கீழே, நான் சாய்ந்தால் பிடிக்கிற தூரத்தில், ஆனால் என்னைத் தொடாமல் வந்தார். முதலில் கோல், பிறகு இடது கால், பிறகு வலது காலை இழுத்து வைக்க வேண்டும். பாறை கொதித்தது. நடுவில் இரண்டு தடவை நின்றேன். முன்பு என் அப்பா நின்ற இடத்தில் நிற்கக் கூடாது என்று அதை மட்டும் நிற்காமல் தாண்டினேன்.

மேலே சுனைக்கு வரிசை நின்றது. என் முறை வந்ததும் கோலைப் பக்கத்துப் பாறையில் சாய்த்து வைத்தேன். இடுப்பைப் பாறை மேல் முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீரை அள்ளினேன். என் வாழ்நாளில் அந்தச் சுனையில் நானாக அள்ளிக் குடித்தது அதுதான் முதல் தடவை. ஜில்லென்று, லேசாகக் கல் வாசனையோடு இருந்தது. காலில் ஊற்றிக்கொள்ளவில்லை. குடித்தேன். மறுபடியும் அள்ளிக் குடித்தேன்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள், "இது முதுகுல தூக்கினு வருவாங்களே அந்தப் பொண்ணாச்சே."

"ஆமா, அதே பொண்ணுதான். கட்டயில்லாம நிக்குது பாரு."

அவ்வளவுதான். யார் முதலில் 'புதுமை' என்று சொன்னார்களோ தெரியாது; வேதக்காரர்கள் பேச்சில் அற்புதம் என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் அந்த வார்த்தை வரிசை முழுக்கப் போய், படி வழியாகக் கீழேயும் இறங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் முழங்காலில் விழுந்தார்கள். ஒருத்தி என் வலது காலைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அவள் இழுத்த இழுப்பில் நான் விழாமல் இருந்ததே பெரிது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று பாட்டு மாதிரி ஒரு சத்தம். நான் திரும்பிக் கோலைப் பார்த்தேன். அது அங்கே இல்லை.

கெபிச் சுவரில், குணமானவர்கள் விட்டுப்போன கட்டைகளும் கோல்களும் ஆணியில் தொங்கும். என் கோல் கை மாறி, தலைகளுக்கு மேலே மிதந்துகொண்டு அங்கே போய்க்கொண்டிருந்தது. யாரோ அதற்குள் ஒரு மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டார்கள்.

"அது என் கோலு. குடுங்க," என்றேன்.

"இனி அது ஒனக்கு எதுக்கும்மா? நடந்து காட்டு. நட, நட," என்றார்கள்.

அம்மாவைப் பார்த்தேன். முழங்காலில் இருந்தாள். மெழுகுக் காலை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தபடி, முகமெல்லாம் கண்ணீராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக அவள் காத்திருந்த நாள் அது. நான் ஒரே ஒரு அடி எடுத்து வைத்தால் விழுவேன் என்பது அவளுக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் அவள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. நெற்றியில் சூடு ஏறியது. பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சறுக்கி, சுனைக்கு நேர் எதிரே, தண்ணீர் அள்ளுகிற அந்தக் குறுகலான இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆள்தான் அங்கே நிற்க முடியும். என்னைத் தாண்டி யாரும் சுனைக்குப் போக முடியாது.

"கோலு வந்தா எய்ந்திரிப்பேன். வரலன்னா இங்கதான் குந்திக்கினு கீறேன்."

வெயிலில் நின்ற வரிசை முதலில் ஜெபம் சொன்னது. பிறகு முணுமுணுத்தது. குழந்தைகள் தாகத்தில் அழுதன. ஒருவர் என்னைத் தூக்கப் பார்த்தார். "மேல கை வச்சா கடிச்சிருவேன்," என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். புதுமை நடந்த பெண் கடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் வெள்ளை அங்கி போட்ட சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வயதானவர். அன்றைக்குத் திருவிழாவுக்காக வெளியூரிலிருந்து பூசை வைக்க வந்தவர் என்று பிறகு தெரிந்தது. குடையை மடக்கிவிட்டு, என் எதிரில் குனிந்து நின்றார்.

"என்னம்மா, கால் குணமாகிவிட்டதா?"

"இல்ல சாமி."

பின்னால் ஒரு பெண், "கட்டயில்லாம நின்னா சாமி, நாங்க எல்லாரும் பாத்தோம்," என்றாள்.

"பாறையில சாஞ்சிக்கினு நின்னேன். ரெண்டு கையும் இல்லாம எப்டி தண்ணி குடிக்கறது? நடக்கறது நானா கத்துக்கினது, சாமி. ரெண்டு வருசமா ராயபுரம் கடக்கரையில வுய்ந்து வுய்ந்து கத்துக்கினேன். அதுக்கு இந்தக் கோலு வேணும்."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

அம்மா எழுந்து மெழுகுக் காலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "புதுமைதான் சாமி," என்றாள் கடைசியில். என்னைப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர், விசுவாசம் இல்லாத பெண்ணுக்கு வந்த வரம் திரும்பிப் போய்விடும் என்று உரக்கச் சொன்னார். சாமியார் அதற்குப் பதில் சொல்வதற்குள் அப்பா நகர்ந்தார். அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு கெபிக்குள் போனார். துடுப்புப் போட்ட தோள். யாராலும் தடுக்க முடியவில்லை. ஆணியிலிருந்து கோலைக் கழற்றினார். பூவை அவிழ்த்து அங்கேயே சுரூபத்தின் பாதத்தில் வைத்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து சாமியார் எதிரில் நின்றார்.

"நான் அறுத்த கோலு, சாமி. எம் பொண்ணு கால் இது. கால காணிக்கையா வுட்டுட்டுப் போவச் சொன்னா எப்டி?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சாமியார் கோலை வாங்கி, வேட்டித் துணி சுற்றியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே என் வியர்வைக் கறை கறுப்பாகப் படிந்திருந்தது. என் கையில் கொடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தண்ணீருக்கு வழி விடுங்கள், குழந்தைகள் அழுகின்றன," என்றார். எனக்கு அவர் ஆசீர் கொடுத்தாரா என்று நினைவில்லை. கொடுத்திருந்தால் நல்லது.

இறங்கும்போது இரண்டு பக்கமும் திட்டினார்கள். நன்றி கெட்டவள் என்றார்கள், திமிர் பிடித்தவள் என்றார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். அதனால் படியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் தலை குனிந்திருந்தது அதற்காக மட்டும்தான்.

நாங்கள் ராயபுரம் வந்து சேர்வதற்குள் செய்தி எங்களுக்கு முந்தியே வந்துவிட்டது. முந்தின ரயிலில் வந்தவர்கள் பாதிக் கதையைச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். என்னைத் தொட்டால் போதும் என்றார்கள். அம்மா எல்லோரையும் உள்ளே உட்கார வைத்து, பாட்டிலில் பிடித்து வந்த சுனைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தாள். நான் ஒவ்வொருவரிடமும், "ஒண்ணியும் நடக்கல, ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிலர், நான் அடக்கத்தினால் சொல்கிறேன் என்று இன்னும் அதிகமாகக் கும்பிட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

கோலும் கையுமாக நான் தினமும் கடைக்கு நடந்து போவதைப் பார்த்துப் பார்த்து ஒரு மாதத்தில் கூட்டம் ஓய்ந்தது. அம்மா மட்டும் ஓயவில்லை. என்னிடம் அளந்துதான் பேசினாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். நானும் இறங்கிப் போகவில்லை. பொய் சொன்னது அவள்தான் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள், காத்திவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவள். நெற்றியில் குங்குமம், இடுப்பில் நாலு வயதுப் பெண்குழந்தை. குழந்தையின் இடது கால் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்துவிட்டது.

"அக்கா, புதுமை ஒண்ணியும் இல்ல. யாரோ கத உட்டுகினு கீறாங்க. நீ இம்மாந் தூரம் வந்தது வீண்," என்றேன்.

அவள் என் கோலைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"புதுமை இல்லாங்காட்டி போவுது. நீ நடக்கறியே, அது எப்டின்னு சொல்லு. அத்தக் கேக்கத்தான் வந்தேன்."

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்த அம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பேசினாள்.

"கடக்கரைக்கி இட்டுகினு வா. மணல்ல வுடு. வுய்ந்தா அடிபடாது. ஆனா ஒண்ணு, வுய்ந்தா நீ தூக்காத. படகுக்கு அந்தப் பக்கம் போய் குந்திக்க. பாத்தா மனசு தாங்காது, ஓடிப்போய் தூக்கிருவே. நான் ரெண்டு வருசம் அப்டித்தான் குந்திக்கினு இருந்தேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை விடியற்காலைகளிலும் அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

"அப்போ சாமியார்கிட்ட ஏன் புதுமைன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"நீ வுய்ந்தப்பல்லாம் அந்தாண்ட நான் செபமாலை உருட்டிக்கினு இருந்தேன். ஒவ்வொருவாட்டியும் நீ எய்ந்தே. அது புதுமை இல்லாம இன்னா?"

"நான் எய்ந்தேன், அதான் எய்ந்தேன்," என்றேன். அதை அன்றைக்கும் நான் அவளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

காத்திவாக்கத்துக்காரி வாராவாரம் வரத் தொடங்கினாள். குழந்தையின் உயரத்துக்கு அப்பா ஒரு சின்னக் கோல் அறுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் திருவிழா வருவதற்குள் ஒருநாள் காலை, நானும் அம்மாவும் படகின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, யாரால் நான் நடந்தேன் என்ற அதே பழைய வழக்கைப் பேசிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். படகுக்கு மேலாக எட்டிப் பார்த்த காத்திவாக்கத்துக்காரி எங்கள் இரண்டு பேர் தோளையும் தட்டினாள்.

"சண்டைய அப்பால வச்சிக்கங்க. கொயந்த நிக்குது, பாருங்க," என்றாள்.